ஸ்டெப்னியை வெல்டிங் வைக்காதீர்கள்

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் எவரிடமாவது போய், "ஸ்டெப்னியை சேஸிஸோடு வெல்டிங் வைத்துத் தருகிறேன், திருட்டே போகாது" என்று சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவார். ஆனால் அவரே தன் கடைக்கு பில் போடும் புரோகிராமை அப்படித்தான் எழுதி வாங்கி வைத்திருப்பார்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியது. லாரி டயருக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆனது. டிராக்டர் டயருக்கு 18 இருந்தது 5 ஆனது. நான் கணக்குப் பார்க்கும் டயர் கடைக்கு, புரோகிராம் எழுதிய பையன் வந்தான். வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே பல இடங்களில் எழுதி வைத்திருந்தான். 28 உள்ள இடத்தையெல்லாம் 18 ஆக்கினான். அடுத்து, 18 உள்ள இடத்தையெல்லாம் 5 ஆக்கினான். லாரி டயரும் 5-க்கு இறங்கிவிட்டது! 20,000 ரூபாய் டயருக்கு 2,600 ரூபாய் வரி குறைவு. வாங்கினவர் போய்விட்டார், கட்ட வேண்டியவர் கடைக்காரர்.

"தெரியாம நடந்துபோச்சுங்க ஐயா" என்றான். அவனை நான் திட்டவில்லை. இந்த முறையைத்தான் திட்டுகிறேன்.

மாறக்கூடிய எதுவும் புரோகிராமுக்குள் இருக்கக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு செட்டிங்ஸ் ஃபைல் வேண்டும். இன்ன சரக்குக்கு, இன்ன தேதியிலிருந்து, இன்ன விகிதம் என்று வரிவரியாக அதில் இருக்க வேண்டும். தேதி முக்கியம். 21-ம் தேதி விற்ற டயர் திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தானே கணக்குத் தீர்க்க முடியும்?

இன்னொரு கொடுமை, டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் புரோகிராமுக்குள்ளேயே இருந்தது. அதே புரோகிராமை வேறொரு கடைக்கும் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறான். கூடவே நம் கல்லாச் சாவியும் போய்விட்டது. பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2016-ல் ஊபர் நிறுவனத்தின் புரோகிராம்களோடு இருந்த சாவியை எடுத்துத்தான், 5.7 கோடி பேரின் விவரங்களைத் திருடினார்கள்.

இதற்கு மருந்து 1979-லேயே யுனிக்ஸில் வந்துவிட்டது. என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். ரகசியத்தைக் கம்ப்யூட்டர் தன்னிடம் வைத்திருந்து, புரோகிராம் கிளம்பும்போது அதன் காதில் சொல்லும். இதுவும் இரும்புப் பெட்டி அல்ல; அந்தக் கம்ப்யூட்டரில் முழு அதிகாரம் உள்ளவர் பார்த்துவிடலாம். ஆனால் புரோகிராமோடு சேர்ந்து ஊர் சுற்றாது.

"ஃபைலை உங்ககிட்ட கொடுத்தா கெடுத்துருவீங்களே" என்று பையன் கேட்டான். நியாயமான பயம்தான். அதற்குத்தான் புரோகிராம் திறக்கும்போதே ஃபைலைச் சரிபார்க்க வேண்டும். விகிதம் விட்டுப்போயிருந்தாலோ, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தாலோ, பில் போடாமல் நின்று, எந்த வரியில் தப்பு என்று சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் பூட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் நம்மைக் கூப்பிடட்டும் என்கிற பிடிமானம்.

கடைக்காரர்களே, அடுத்த முறை காசு கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "தம்பி, இந்தப் புரோகிராமை அப்படியே பிரிண்ட் எடுத்து சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் ஒட்டினால் எனக்கு நஷ்டம் உண்டா?" பையன் தலையைச் சொறிந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.