பெரியம்மா சம்மதித்த படம்

உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். (ஆல்பமெல்லாம் செல்போனுக்குள் குடியேறிவிட்டது என்கிறீர்களா? சரி, அதையே பாருங்கள்.) எல்லாப் படத்திலும் பின்வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி முகமாக ஒருத்தி நிற்பாள். அல்லது படத்திலேயே இருக்கமாட்டாள். "நீங்க எடுத்துக்குங்க, எனக்கு அடுப்பிலே பால் இருக்கு" என்று உள்ளே போயிருப்பாள். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருத்தி, செங்கல்பட்டுப் பெரியம்மா.

பெரியம்மாவின் கல்யாணம் 1967-ல் நடந்தது. அன்று ஸ்டூடியோவில் எடுத்த படம் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. பெரியம்மா நல்ல கறுப்பு, களையான கறுப்பு. படம் பிடித்தவருக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பச் சொன்னார். அதுவும் போதாதென்று நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுக்கவைத்தார். கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம்! "அது யாரோ, என் புடவையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா" என்பாள் பெரியம்மா. அன்றைக்குப் பின்வரிசைக்குப் போனவள்தான்.

இந்த ஆனி மாதம் பேத்தி மேற்படிப்புக்காகக் கனடாவுக்குப் புறப்பட்டாள். "ஆயாவோடு நான் இருக்கிற மாதிரி நல்லதாக ஒரு படம் வேண்டும், சித்தி" என்று என்னிடம் வந்து நின்றாள். எனக்குக் காமிராப் பித்து உண்டு என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரியம்மாவோ, "எடுத்து வையுங்க, நாளைக்கு மாலை போட உதவும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தாயான அந்த மகராசி போனபோது சுவரில் மாட்ட ஒரு படம்கூட இல்லை. குத்துவிளக்கை ஏற்றிவைத்து அதன் முன்னால்தான் படையல் போட்டோம்.

வெள்ளைக்காரர்கள் எழுதிய காமிராப் புத்தகம் எதைத் திறந்தாலும், முகத்தைப் படம் எடுக்க வடக்கு ஜன்னல்தான் உத்தமம் என்றிருக்கும். அவர்கள் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்தபடியே போவதால் வடக்கில் வெயில் நேராக விழாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் சாந்தமாக வரும். அதை நம்பி நானும் காலை எட்டு மணிக்குப் பெரியம்மாவை வடக்கு ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். சுள்ளென்று ஒரு சாய்வெயில் உள்ளே வந்து அவள் மூக்கின் மேல் விழுந்தது! பிறகுதான் புத்தி வந்தது. நம் செங்கல்பட்டில் சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி பிறக்கும் வரை சூரியன் வடக்கே ஒதுங்கித்தான் போகிறான். அந்த நாட்களில் சாந்தமான ஜன்னல் தெற்கு ஜன்னல். தை, மாசியில் படம் எடுத்தால் வடக்கைத் தேடுங்கள். புத்தகத்தைவிட நம் வீட்டுப் பஞ்சாங்கம் இந்த விஷயத்தில் கெட்டி.

தெற்கு ஜன்னலுக்கு மாறினோம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது; அப்படி உட்கார்ந்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும். ஜன்னல் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். எதிர்ப்பக்கக் கன்னம் இருண்டால், வெளுத்த வேட்டி ஒன்றை நாற்காலி முதுகில் விரித்து வையுங்கள். அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். செல்போனில் எடுக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வெள்ளைச் சுவரையும் தலை நிறைய மல்லிகையையும் கண்டால் போன் "அடேயப்பா, எத்தனை வெளிச்சம்!" என்று பயந்து முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக் காட்டினால் பயம் தெளியும்.

இப்படி ஒரு படம் தேறிவரும் சமயத்தில், பெரியம்மாவின் பேரன் குறுக்கே வந்து தன் காமிராவின் மேலிருந்த ஃப்ளாஷைப் பளீரென்று அடித்தான். நெற்றியில் எண்ணெய் வழிகிறது, கண்ணாடியில் இரண்டு நட்சத்திரம், பின்சுவரில் கறுப்பாக ஒரு பேய் நிழல். பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "இதுக்குத்தான் சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

தப்பு அவள் முகத்தில் இல்லை, சகோதரிகளே. இந்தக் கலை நம் பக்கம் வந்து நூற்றெழுபது வருஷத்துக்குமேல் ஆகிறது. 1856-லேயே சென்னையில் புகைப்படச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் பிலிம் செய்தவர்கள் மனத்தில் இருந்த முகம் நம் முகமல்ல. கலர் படம் வந்த காலத்தில் கடைகளில் நிறம் சரிபார்க்கக் கோடக் கம்பெனி ஓர் அட்டை அனுப்பும். அதிலிருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அட்டைக்கே 'ஷெர்லி' என்று பெயர் நின்றுவிட்டது. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! கறுப்பு நிறம் குழம்பிப் போவதைப் பற்றி முதலில் பலமாகக் குறை சொன்னவர்கள் சாக்லேட் கம்பெனியாரும் மரச்சாமான் கம்பெனியாருமாம். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை எங்கள் பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் அவளை மாமல்லபுரத்துக்குக் கிளப்பினோம். படத்துக்கு என்று சொல்லவில்லை; திருக்கழுக்குன்றத்தில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே கடல்காற்று வாங்கலாம் என்றோம். அர்ஜுனன் தபசுப் பாறைக்கு முன்னால் போய் நின்றபோது மாலை நாலரை மணி. அந்தப் பாறை கிழக்கே பார்த்தது. காலை வெயிலில் அத்தனை யானைகளும் அதில் பளிச்சென்று நிற்கும். மாலையில் முழுவதும் நிழல். கல்லும் கறுத்துத்தான் இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு உருவமும் எழுந்து வருகிறது. நேர் எதிரில் விழுந்தால் தட்டையாகிவிடுகிறது. கர்ப்பக்கிரகத்தில் எண்ணெய்க்காப்பிட்ட கருங்கல் அம்மனை ஒற்றை விளக்கில் பார்த்திருக்கிறீர்களே, அம்மனுக்கு யார் பவுடர் பூசினார்கள்? கறுப்புக்கு அழகு கொடுப்பது அதன் மினுமினுப்பு. அதற்கு வேண்டியது பக்கத்திலிருந்து வரும் அகலமான, மெத்தென்ற வெளிச்சம்.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே உள்ள மணலில் உட்கார்ந்தோம். நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் மறைகிறான். ஆகவே மாலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறவர்கள் முகத்தில் மேற்கு வானத்தின் வெளிச்சம் விழும். முதுகுப் பக்கம் கடல் நீலமும் ரோஜா நிறமுமாக மாறும். இது இருபது நிமிஷக் கச்சேரி, அதற்குமேல் இருட்டிவிடும். கொண்டை முடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தாதீர்கள்.

பேரனுடைய ஃப்ளாஷைக் காமிராவிலிருந்து கழற்றச் சொன்னேன். கம்பியில்லாமலே தூரத்திலிருந்து அதை மின்னவைக்கும் சிறு கருவி அவனிடமே இருந்தது. பெரியம்மாவின் இடப்பக்கம், தலைக்குச் சற்று மேலே, அதை ஒரு வெள்ளைக் குடைக்குள் வைத்துப் பிடிக்கவேண்டும். பிடித்தவர் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பார்கள். இங்கே மாப்பிள்ளையே பிடித்தார்! கடல்காற்று ஒரே வீச்சில் குடையை மேலே மடக்கிவிட்டது. பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவருடைய வெள்ளைத் துண்டை இரண்டு பையன்கள் விரித்துப் பிடிக்க, அதன் வழியாக ஃப்ளாஷை மின்னவைத்தோம். துண்டு வெளிச்சத்தைக் குடித்துவிடுமே என்றால், கிட்டே கொண்டுவாருங்கள். எட்டு அடியில் இருப்பதை நாலு அடிக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரண்டு பங்கல்ல, நாலு பங்காகும். கிட்டே வர வர மெத்தென்றும் ஆகும்.

முதல் படத்தில் முகம் தெளிவு; கடலைக் காணோம், ஒரே கும்மிருட்டு. இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஃப்ளாஷ் மின்னி மறைவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காமிராவின் கதவு அதைவிட அதிக நேரம் திறந்திருக்கிறது. அந்த நேரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் வானமும் கடலும் வெளுக்குமே தவிர, முகம் அநேகமாக மாறாது. 200-ல் ஒரு பங்கு வினாடி என்றிருந்ததை 60-ல் ஒரு பங்காக மாற்றினேன். கோயில் விமானம் வந்தது, அலை வந்தது. ஃப்ளாஷின் மேல் இளமஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்றையும் ஒட்டினேன். விளக்கு வெளிச்சம் போலாகிவிட்டது.

பேத்தி ஆயாவின் தோளில் சாய்ந்து ஏதோ ரகசியம் சொன்னாள். மாப்பிள்ளை இன்னும் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்த ஒரு கணத்தில் எடுத்துவிட்டேன்.

காமிராவின் பின்பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"என்ன பெரியம்மா, நல்லாயில்லையா?"

"எங்கம்மாடி இது" என்றாள். "மூக்கும் கன்னமும் அப்படியே எங்கம்மா. இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், இரண்டு பிரதி போடச் சொன்னாள். ஒன்று கனடாவுக்கு. இன்னொன்று கூடத்தில், அந்தக் கல்யாணப் படம் தொங்குகிற ஆணிக்கு.