‘கிடைக்கவில்லை’ என்பதும் ரீடிங்தான்!

நாலு வருஷம் தேடியும் தேடின பொருள் கிடைக்காத ஒரு சோதனையைப் பற்றி எழுதுகிறேன். “இதுக்கு மலர்ல ஒரு பக்கமா?” என்று கேட்காதீர்கள், பொறுங்கள்.

நாம் லேத்தில் கடைகிற இரும்பானாலும் சரி, செம்பானாலும் சரி, அணுக்கருவுக்குள் இருப்பது ‘அப்’, ‘டவுன்’ என்ற இரண்டு வகைக் குவார்க்குகள். ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்று இன்னொரு வகை உண்டு. அது கலந்த துகள்கள் கண்மூடித் திறப்பதற்குள் சிதைந்துவிடும். ஆனால் மூன்று வகையும் ஏறக்குறைய சமமாகச் சேர்ந்தால், அந்தப் பொருள் சாதாரண அணுக்கருவை விட உறுதியாகவே இருக்கலாம் என்று 1971-ல் போட்மரும், 1984-ல் எட்வர்ட் விட்டனும் எழுதினார்கள். அப்படி இருந்தால், அந்தப் பொருளால் ஆன நட்சத்திரங்கள் மோதிச் சிதறும் துணுக்குகள் காஸ்மிக் கதிர்களோடு பூமிக்கும் வரணுமே! அந்தத் துணுக்குக்குப் பெயர் ஸ்ட்ரேஞ்ச்லெட். எடை அதிகம், எடைக்குப் பொருந்தாத குறைந்த மின்னூட்டம். இதுதான் அங்க அடையாளம்.

இதைப் பிடிக்க பொலிவியா நாட்டின் சகல்டாயா மலையில், 5230 மீட்டர் உயரத்தில், 427 சதுர மீட்டர் பிளாஸ்டிக் தகடுகளை சுமார் நாலு வருஷம் வைத்திருந்தார்கள். ‘ஸ்லிம்’ என்று சோதனைக்குப் பெயர். தகடு வேறொன்றுமில்லை, மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்கிற சிஆர்-39தான்! துகள் துளைத்த வழி வெறும் கண்ணுக்குத் தெரியாது. சூடான காரக் கரைசலில் ஊறப்போட்டால் அடிபட்ட இடம் மட்டும் சீக்கிரம் கரைந்து குழியாகும். பிறகு மைக்ராஸ்கோப்பில் குழி குழியாக அளக்க வேண்டும். இதில் பாதி வேலை டிப்ளமாக்காரன் கைவேலை என்பேன்.

2006-ல் ஒரு அடுக்கில் வரிசையாகப் பல குழிகள் தெரிந்தன. வேறு யாராவது என்றால் உடனே பேப்பர்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள்! இவர்கள் அதே அடுக்கின் மற்றத் தகடுகளையும், அதே காலத்தில் வைத்த மற்ற அடுக்குகளையும் எடுத்துத் தேடினார்கள். கடைசியில் அது தகடு தயாரிப்பில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு நேர்ந்த அபூர்வக் கோளாறு என்று தெரிந்தது. அதையும் எழுதினார்கள். 2008-ல் ஸ்ட்ரேஞ்ச்லெட் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்பதையும் எழுதினார்கள். ‘இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் வர முடியாது’ என்று ஒரு எண்ணையும் கொடுத்தார்கள். அதற்கு மேல் வரும் என்ற கணக்கெல்லாம் அத்தோடு அடிபட்டுப் போச்சு. இதையா காசு வீண் என்பது?

நம் நாட்டிலும் கல்கத்தா போஸ் இன்ஸ்டிட்யூட்காரர்கள் இதே தேடலுக்காக, ஓவர்ஹெட் ப்ரொஜெக்டருக்குப் போடுகிற பாலியஸ்டர் ஷீட்டை டார்ஜிலிங்கில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். லேசான துகள்கள் அதில் தடம் பதிக்காது. அதனால் வேண்டாத குழிகள் குறைவு. விலையும் குறைவு.

இப்போது நம்ம லேபுக்கு வருவோம். தனி ஊசலை ஆட்டினால் எல்லோருக்கும் எப்படி 9.8 வருகிறது? நூலும் வேறே, ஸ்டாப் வாட்ச்சும் வேறே, விடை மட்டும் ஒன்றா? மாணவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 9.3 என்று எழுதினால் மார்க் போகும். ஏன் 9.3 வந்தது என்று கேட்க ஆளில்லை. சகல்டாயாக்காரர்கள் நம்மைப் போல ரெக்கார்ட் எழுதியிருந்தால் அந்தக் கோளாறுத் தகடு இந்நேரம் பெரிய கண்டுபிடிப்பு ஆகியிருக்கும்!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பருவத்திலிருந்து ரெக்கார்டில் ‘வித்தியாசத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் போட்டு, அதற்கு அஞ்சு மார்க் ஒதுக்குங்கள். வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதுகிறோம்.