கண்ணப்பன் கண்ணும் கருவிழியும்

கண்ணப்ப நாயனார் காளஹஸ்தியில் தம் கண்ணைத் தோண்டிச் சிவலிங்கத்தின் கண்ணில் அப்பினாரென்றும், உடனே வழிந்த ரத்தம் நின்றதென்றும் சொல்லி நம் பக்தர்கள் இன்றும் உருகுகிறார்கள். உருகட்டும். ஆனால், அதே பக்தர் வீட்டில் ஒருவர் இறந்து, அவர் கண்ணைப் பார்வையற்ற மனிதருக்குத் தரலாமா என்று கேட்டால், “அடுத்த ஜன்மத்தில் குருடாய்ப் பிறப்பாரே” என்று அலறுவதுதான் நமக்கு விளங்கவில்லை. கல்லுக்குக் கொடுத்தால் மோக்ஷம், மனிதனுக்குக் கொடுத்தால் குருடா? கண்ணை எடுத்தால் கண்ணில்லாமல் பிறப்பானென்றால், உடல் முழுவதையும் சுட்டுச் சாம்பலாக்குகிறோமே, அவன் எதோடு பிறப்பான்?

புராணம் கிடக்கட்டும். கண்ணின் அமைப்பைப் பார்ப்போம். 7 எலும்புகள் கூடிய குழிக்குள், கொழுப்பு மெத்தையின் மேல், 6 தசைகள் பிடித்துத் திருப்ப உட்கார்ந்திருப்பது கண் உருண்டை. பின்னாலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். அறுந்த அந்நரம்பை ஒட்டவைத்துப் பார்வை வரச்செய்ய இன்றைய வைத்தியத்தாலும் ஆகவில்லை. 2023-இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே வைத்தார்கள். ரத்தம் ஓடிற்று, பார்வை வரவில்லை. வேடன் அம்பு முனையால் செய்து முடித்தான் என்பதை நம்புகிறவர்கள் நம்பட்டும்!

நடக்கக்கூடியது வேறு. கண்ணின் முன்புறத்தைக் கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலமே கருவிழி. பெயர்தான் கரு, அதில் கருப்பே கிடையாது, பின்னால் இருப்பதன் நிறம் தெரிகிறது, அவ்வளவே. நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அது மங்கினால், உள்ளே எல்லாம் சரியாயிருந்தும் பார்வை போய்விடும். அதில் ரத்தக் குழாய் கிடையாது. பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒருவருடையதை இன்னொருவர் உடம்பு பெரும்பாலும் தள்ளாமல் ஏற்பதற்கு இதுவே முக்கிய காரணம். 1905-இல், இன்று செக் நாட்டிலுள்ள ஒலோமௌட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்ற வைத்தியர், காயத்தினால் எடுக்க நேர்ந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்து, சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒருவருக்கு வைத்துப் பார்வை வரச்செய்தார். அசரீரி ஒன்றும் கேட்கவில்லை.

முகம் விகாரமாகுமென்பதும் வீண் பயம். பல இடங்களில் கருவிழியை மட்டுமே எடுக்கிறார்கள். உருண்டையை எடுத்தாலும் குழியில் செயற்கை வில்லை வைத்து இமையை மூடிவிடுகிறார்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை எடுத்துக்கொண்டவர், சர்க்கரை வியாதிக்காரர் எல்லோரும் கொடுக்கலாம். ஆனால் கெடு 6 மணி நேரந்தான். பங்காளி வரட்டும், புரோகிதர் நேரம் சொல்லட்டும் என்று காத்திருந்தால் கருவிழி கெட்டுவிடும். உயிர் போனவுடன் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்திவைத்து, கண் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டியது. புரோகிதர் பிறகு வரட்டும்.