பால் கறந்துவிட்டு வந்தவரும் பாட்டி வாங்கிய குதிரையும்

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. அத்தை (என் மாமியார்தான்) சோபாவில் வந்து உட்கார்ந்து, “ஏம்மா, இன்னிக்கு உன் போன்ல என்ன இருக்கு?” என்று கேட்பார். ஒரு நாள் கோலம், ஒரு நாள் பழைய சினிமா, ஒரு நாள் யாரோ மலையேறி விழுகிற வீடியோ. போன வாரம் நான் காட்டியது ஒரு குதிரைப் பந்தயம். 1986-ல் நடந்தது. படம் கொஞ்சம் மங்கல்.

“எது ஜெயிக்கும், சொல்லுங்க பார்ப்போம்” என்றேன்.

அத்தை ஒட்டன்சத்திரம் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து மாடு வைத்திருந்தவர். குதிரையைத் தொட்டதில்லை என்றாலும் நாலு கால் பிராணி எதுவானாலும் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். முன்னால் ஓடிய ஒரு குதிரையைக் காட்டி, “இது பெட்டைதானே? இதுதான்” என்றார்.

கடைசித் தடையைத் தாண்டும்போது அந்தக் குதிரையை இரண்டு குதிரைகள் முந்திவிட்டன. “போச்சு” என்று அத்தை கையை உதறினார். போகவில்லை. அங்கேதான் மேடு ஆரம்பிக்கிறது.

அந்த மேட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பந்தயம் புரியாது. நாம் கிண்டி ரேஸ், ஊட்டி ரேஸ் என்று கேள்விப்பட்டதெல்லாம் தடை எதுவும் இல்லாத நேர் ஓட்டம். இது வேறு. 1752-ல் அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் இரண்டு பேர், ஒரு ஊர்த் தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் வரை யார் முதலில் போவது என்று போட்டி போட்டார்கள். நடுவில் வேலி, வாய்க்கால், கல்சுவர் எது வந்தாலும் குதிரை தாண்ட வேண்டும். கோபுரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீப்பிள். அதனால் ஸ்டீப்பிள்சேஸ்.

அந்த விளையாட்டுக்குப் பெரிய திருவிழா இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயரில் உள்ள செல்டன்ஹாமில், ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கிறது. நான்கு நாள், 28 பந்தயம். 2022-ல் நான்கு நாளும் சேர்த்து சுமார் 2,80,000 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் குறைந்திருக்கிறது. அயர்லாந்திலிருந்து கடல் தாண்டிக் கிளம்பி வருகிற கூட்டம் தனி. முதல் நாள் முதல் பந்தயம் கிளம்பும்போது மொத்த மைதானமும் ஒரே குரலாகக் கத்துவதற்கென்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காசு கட்டுகிற புக்கிகள், ஓடுகிற பீர், எல்லாம் உண்டு. அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. காசு கட்டித் தோற்றவர்கள் கதை நம் ஊரிலேயே போதுமான அளவு இருக்கிறது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை நடப்பது கோல்டு கப். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், 22 தடைகள். முதுகில் ஜாக்கியும் சேணமுமாகச் சுமார் 74 கிலோ. இத்தனையும் முடிந்து, மூச்சு வாங்கி, கால் தளர்ந்த பிறகு, முடிவுக்கோட்டுக்கு முன்னால் தரை மேல்நோக்கி ஏறுகிறது. செல்டன்ஹாமில் கடைசித் தடையில் முதலில் இருக்கும் குதிரையை நம்பி யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்.

அத்தை கைகாட்டிய குதிரையின் பெயர் டான் ரன். அதை வாங்கியவர் சார்மியன் ஹில் என்ற ஐரிஷ் பெண்மணி. 5,800 கினி கொடுத்து வாங்கும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பேரன் பேத்தி எடுத்தவர். வாங்கி வேடிக்கை பார்க்கவில்லை; அவரே ஏறி ஓட்டினார். 1982-ல் ட்ராலி என்ற ஊரில் டான் ரன் ஜெயித்த முதல் பந்தயத்தில் மேலே உட்கார்ந்திருந்தது இந்தப் பாட்டிதான். அதோடு வயதைக் காரணம் காட்டி, இனி உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

“ஜெயிச்சதுக்கு அப்புறமா?” என்று அத்தை இரண்டு தரம் கேட்டார்.

இறக்கிவிடப்பட்ட பாட்டி அதன்பிறகு இளகவே இல்லை. குதிரைக்குப் பயிற்சியாளர் பேடி மல்லின்ஸ். அவர் மகன் டோனிதான் பல பந்தயங்களில் அதை ஓட்டி ஜெயித்தவர். ஆனால் 1986 ஜனவரியில் செல்டன்ஹாமிலேயே ஒரு பந்தயத்தில் டோனி குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். திரும்ப ஏறி முடித்தார், நான்காவது இடம். மார்ச்சில் கோல்டு கப்புக்கு டோனி வேண்டாம், ஜான்ஜோ ஓ’நீல்தான் ஓட்ட வேண்டும் என்று பாட்டி பிடிவாதமாக நின்றார். பயிற்சியாளரான அப்பாவின் கண் முன்னே மகனுக்கு இடம் போனது. குடும்பத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும்.

டான் ரனுக்கு உயரத் தடைகளைத் தாண்டும் பந்தயத்தில் அது ஐந்தாவது ஓட்டம்தான். எதிரில் அனுபவம் பழுத்த ஆண் குதிரைகள். கடைசித் தடையில் பின்தங்கியது. மேட்டில் வேவர்ட் லாட் என்ற குதிரை முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் கால் தளர்ந்து ஓரமாகச் சாயத் தொடங்கியது. டான் ரன் சாயவில்லை. ஒவ்வொரு அடியாகப் பிடித்து, கோட்டைத் தொடும்போது ஒரு குதிரை நீளம் முன்னால் இருந்தது. இரண்டு வருடம் முன்பு அங்கேயே சாம்பியன் ஹர்டில் என்ற தாழ்ந்த தடைப் பந்தயத்தையும் ஜெயித்திருந்தது. இரண்டையும் வென்ற வேறு குதிரை கிடையாது.

கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பாட்டியை மக்கள் தூக்கினார்கள். எனக்குப் பிடித்த காட்சி அதற்கு அப்புறம் வருகிறது. ஜெயித்த ஜான்ஜோ, கூட்டத்தில் ஒதுங்கி நின்ற டோனியைத் தேடிப் பிடித்துத் தன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

இந்த விழாவில் இப்படிப்பட்ட கதைகள் நிறைய. 1990-ல் கோல்டு கப் ஜெயித்த நார்ட்டன்ஸ் காயின் என்ற குதிரைக்கு ஒன்றுக்கு நூறு என்று விலை போட்டிருந்தார்கள். அதாவது, இது ஜெயிக்கும் என்று புத்தி உள்ளவன் எவனும் காசு கட்ட மாட்டான். அதன் பயிற்சியாளர் சிரெல் க்ரிஃபித்ஸ் வேல்ஸில் மாடு வைத்துப் பால் விற்றவர். கொட்டிலில் குதிரை இரண்டோ மூன்றோதான். அன்றைக்குக் காலையிலும் மாடுகளைக் கறந்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். அந்தக் காலத்து இங்கிலாந்தே கொண்டாடிய டெசர்ட் ஆர்க்கிட், அன்று அவர் குதிரைக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தது.

“சாயங்காலக் கறவைக்கு யார் இருந்தாங்களாம்?” என்று அத்தை கேட்டார். எந்தப் பத்திரிகையாளருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதாகத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். “அந்தப் பெட்டைக் குதிரை அப்புறம் குட்டி போட்டுச்சா?”

இல்லை. மூன்று மாதம் கழித்து, ஜூனில், பாரீஸில் உள்ள ஓட்டேய் மைதானத்தில் ஓட அனுப்பினார்கள். ஒரு தடையில் விழுந்தது. எழவில்லை.

அத்தை போனை என் பக்கம் தள்ளினார். “கால் ஒடிஞ்சா சுட்டுருவாங்களாமே. புத்தூர் கட்டு போட்டா ஆகாதா? எங்க செவலைக்கு மூங்கில் வெச்சுக் கட்டி நடக்க வெச்சோம்.”

டான் ரனுக்குக் கால் இல்லை, கழுத்து. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் அத்தையின் கேள்வி மற்றக் குதிரைகளுக்குப் பொருந்தும். ஒரு பந்தயக் குதிரை சுமார் 500 கிலோ. அந்த எடையை மெல்லிய எலும்பு தாங்குகிறது. முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எலும்பு பல துண்டாக நொறுங்கினால் சேர்ப்பது கடினம். மாடு மாதிரி நாள் கணக்கில் படுத்திருக்கவும் குதிரையால் முடியாது. படுத்தே கிடந்தால் உடம்பு கெட்டுப்போகும். மூன்று காலில் நிற்க வைத்தால் எடை தாங்குகிற நல்ல காலின் குளம்புக்குள் வீக்கம் வந்து, அதுவும் போய்விடும். சில முறிவுகளை இப்போது அறுவை சிகிச்சையில் சரிசெய்கிறார்கள். முடியாதவற்றைத்தான் மைதானத்திலேயே டாக்டர் வந்து முடித்துவைக்கிறார்.

ஜான்ஜோ பின்னாளில் பயிற்சியாளர் ஆனார். 2012-ல் அவர் தயார்செய்த சிங்க்ரனைஸ்டு என்ற குதிரை அதே மேட்டில் ஏறி கோல்டு கப் ஜெயித்தது. அடுத்த மாதமே லிவர்பூல் பக்கத்தில் நடந்த கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் கால் முறிந்து இறந்தது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 விழாவில் பல குதிரைகள் செத்த பிறகு விசாரணை வைத்து 17 பரிந்துரைகள் கொடுத்தார்கள். தடை ஓட்டத்தில் சவுக்கை ஏழு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் ஜாக்கிக்குத் தண்டனை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வண்ணம் பற்றிய செய்தி. தடை எங்கே ஆரம்பிக்கிறது என்று குதிரைக்குத் தெரிவதற்காகப் பல வருடமாக ஆரஞ்சு நிறம் பூசிவந்தார்கள். குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சும் புல்லின் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான்! மனிதன் தன் கண்ணுக்குத் தெரிந்ததைக் குதிரைக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டான். ஆராய்ச்சி செய்து பார்த்து, 2022 முதல் வெள்ளைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஆபத்து குதிரைக்கு மட்டும் இல்லை. 2023 விழாவின் முதல் பந்தயத்தை மரீன் நேஷனல் என்ற குதிரையில் ஜெயித்தவர் மைக்கேல் ஓ’சல்லிவன் என்ற அயர்லாந்துப் பையன். 2025 பிப்ரவரியில் தர்ல்ஸ் என்ற ஊரில் நடந்த பந்தயத்தில் விழுந்து, சில நாள் கழித்து இறந்துபோனார். வயது 24. அடுத்த மாதமே செல்டன்ஹாம் விழா. அவர் ஜெயித்த அந்த முதல் பந்தயத்துக்கு அந்த வருடம் அவர் பெயரையே வைத்தார்கள். மறுநாள் மரீன் நேஷனல், வேறொரு ஜாக்கியைச் சுமந்துகொண்டு, சாம்பியன் சேஸ் பந்தயத்தைப் பெரிய இடைவெளியில் ஜெயித்தது. கத்துவதற்குப் பேர்போன மைதானத்தில் அன்று அழுதவர்கள் நிறைய.

விழும் என்று தெரிந்தே ஏறுகிறார்கள். பால் பண்ணை வீட்டில் பிறந்த ரேச்சல் பிளாக்மோர், 2022-ல் கோல்டு கப் வென்ற முதல் பெண் ஜாக்கி. பாட்டியை இறக்கிவிட்டு நாற்பது வருடம். அவரும் 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதையும் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தப் புள்ளைங்க தெரிஞ்சு ஏறுதுங்க. குதிரையை யாரும்மா கேட்டா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஓடப் பிறந்த பிராணி, ஓடாவிட்டால் ஏங்கிப்போகும் என்று அந்த உலகத்துக்காரர்கள் சொல்வார்கள். மேட்டில் டான் ரன் ஏறியதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சவுக்கும் கையில் இருந்தது என்பதும் அதே படத்தில் தெரிகிறது. மார்ச் வந்தால் நான் பார்க்கத்தான் போகிறேன், தடைகளின் இடத்தில் மட்டும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

செல்டன்ஹாமில் டான் ரனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், மேலே ஜான்ஜோவோடு. அந்தப் படத்தையும் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் ராத்திரி சோபாவுக்கு வந்ததும் அவரே கேட்டார். “அந்தப் பெட்டையைப் போடும்மா. ஏறுற இடம் மட்டும் போதும்.”