கேட்கிற காது

ஆடித் தபசுக் கூட்டம் கலைந்து, எங்கள் சங்கரன்கோவில் வீதிகளில் மறுபடியும் விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம். பேரன் அவன் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு, "ஆச்சி, சீக்கிரம் வாங்க! பொம்மை ராக்கெட் விடுது!" என்று கூச்சல் போட்டான்.

எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே பொம்மைதான்! 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற ஆங்கில டெலிவிஷன் தொடராம். ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் என்ற தம்பதி உண்டாக்கியது. 1965 செப்டம்பர் 30-ஆம் தேதி பிரிட்டனில் முதன்முதலாக ஒளிபரப்பானது. மொத்தம் 32 கதைகள்தான். 2025-ல் அதற்கு 60 வயது நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பொடியனுக்கோ அது நேற்றுப் பிறந்த புதுச் சரக்கு!

மெல்லிய கம்பியில் தொங்கும் பொம்மைகள். தலைக்குள்ளே மின்சாரக் கருவி ஒன்றை வைத்து, பதிவு செய்த பேச்சுக்கு ஏற்ப உதடு அசையும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், இவ்வளவு செய்தவர்களால் அவற்றை மனுஷரைப்போல நடக்க வைக்க முடியவில்லை! அதனால்தான் ஆளுக்கொரு வாகனத்தைக் கொடுத்துப் பறக்க விட்டுவிட்டார்களாம். அதில் வரும் சீமாட்டி பெனலோப்பிக்குக் குரல் கொடுத்தவர் சில்வியாவேதான்.

கதை இதுதான். ஒரு தகப்பன், ஐந்து பிள்ளைகள். உலகத்தில் யார் எங்கே ஆபத்தில் மாட்டிக்கொண்டாலும் பறந்து போய்க் காப்பாற்றுவார்கள். கூலி வாங்க மாட்டார்கள். கடைசி நிமிஷத்திலாவது வந்துவிடுவார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் சிறுமியாக இருந்தபோது பார்த்த தோல்பாவைக் கூத்து ஞாபகம் வந்தது. வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத் தோலில் வெட்டிச் சாயம் பூசிய பாவைகள். ஒரே ஆள் ராமனாகவும் பேசுவார், ராவணனாகவும் பேசுவார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் 'நல்லதங்காள்' நடக்கிற ராத்திரியில் சிரிப்புக்கு இடமில்லை. பெண்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதையை ஆடினால் மழை வரும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு.

நமக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் பிறந்தவள் நல்லதங்காள். பஞ்சத்துக்குப் பயந்து, ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். மதினி மூளி அலங்காரி முகம் கொடுக்கவில்லை. அண்ணன் திரும்பி வருமுன் தாயும் பிள்ளைகளும் கிணற்றோடு போய்விட்டார்கள்.

பேரனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. வெகுநேரம் பேசாமல் இருந்தவன், "அண்ணன் நல்லவர்தானே ஆச்சி? அப்ப ஏன் வரல? அவருக்கு யாருமே சொல்லலையா?" என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆங்கில பொம்மைக் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் பறந்து போய்க் காப்பாற்றுவதில்லை. ஜான் என்கிற பிள்ளைக்கு வேறு வேலை. ஆகாயத்தில் ஒரு நிலையத்தில் உட்கார்ந்து, உலகத்தில் எங்கிருந்தாவது 'காப்பாற்றுங்கள்' என்று குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவன் வேலை. அவன் கேட்டுச் சொல்லாவிட்டால் மற்றவர்களின் ராக்கெட்டுகள் எதற்கு?

இந்தக் கதை பிறந்த விதமும் அப்படித்தான். 1963 அக்டோபரில் ஜெர்மனியின் லெங்கெட என்ற ஊரில் இரும்புச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. 29 பேர் மாண்டார்கள். இனி உயிரோடு யாரும் இல்லை என்று மேலே உள்ளவர்கள் முடிவு கட்டியபிறகு, ஒரு துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே இறங்கிய குழாயை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது! 14 நாளுக்குப் பிறகு 11 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தச் செய்திதான் ஜெரி ஆண்டர்சனுக்கு இந்தத் தொடரின் எண்ணத்தைத் தந்தது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கப் பாதையில் 41 தொழிலாளிகள் 17 நாள் அடைபட்டுக் கிடந்து பிழைத்து வந்தார்களே, அவர்களுக்கும் ஒரு குழாய்தான் உயிர்நாடி. அதன் வழியேதான் சோறும் போயிற்று, பேச்சும் போயிற்று.

சகோதரிகளே, இனி என் கதையைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் தங்கை மகள் ஒருநாள் போன் செய்தாள். "என்னம்மா விசேஷம்?" என்றேன். "ஒண்ணுமில்ல பெரியம்மை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. ஏழாம் நாள் விடியற்காலையில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் வீக்கம். கதவைத் திறந்தேன், அந்த மட்டும் பிழைத்தேன். இன்று அவள் சொந்தக் காலில் நிற்கிறாள். ஆனால் அந்த ஆறு நாளை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் மூளி அலங்காரி அல்ல. கதவை அடைக்கவில்லை. ஆனால் நல்லதம்பியும் நல்லவன்தானே! நல்ல மனசு மட்டும் இருந்து என்ன? குரல் காதில் விழவேண்டுமே.

இப்போது தமிழ்நாட்டில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று ராத்திரி பகல் கேட்கிற எண்கள் இருக்கின்றன. சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். ஆனால் துன்பத்தில் இருப்பவள் முதலில் கூப்பிடுவது எண்ணை அல்ல. அம்மாவை, பெரியம்மையை, கூடப் படித்தவளை. அவள் அழுதுகொண்டு கூப்பிடமாட்டாள். "சும்மாதான்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அப்படி யாராவது கூப்பிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். பால் இன்னொரு நாள் காய்ச்சிக்கொள்ளலாம்.