மலையில் ஒரு சொகுசு



விடுமுறைச் சிறப்பிதழ் என்றாலே சிங்கப்பூர், பாரீஸ், மாலத்தீவு என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். இந்த முறை அதை ஓரமாக வைத்துவிட்டு மொராக்கோவின் ஹை அட்லஸ் மலைகளுக்குக் கிளம்பியிருக்கிறோம். உலகம் பெர்பர் என்று அழைக்கிற, தங்களை அமாசிக் என்று சொல்லிக்கொள்கிற மக்களின் சொந்த மண் அது. அரேபியர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். ஆனாலும் அவர்களுடைய மொழி 2011 அரசியல் சட்டத்தில்தான் ஆட்சிமொழி ஆனது. அவர்களுடைய புத்தாண்டான யென்னாயருக்கு அரசு விடுமுறை கிடைத்தது 2024இல்தான்.

அங்கே போய்ச் சொகுசு விடுதிகளைப் பற்றி எழுதுவதா என்று ஆசிரியர் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. எழுதலாம் என்று வாதாடியவன் நான். என் தரப்புக்குக் கைகொடுத்தது இம்லில்.

மராகேஷிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணம். வால்நட், செர்ரி, ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே, 1,740 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிற்றூர். வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான துப்கால் சிகரத்துக்கு (4,167 மீட்டர்) ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். ஊருக்கு மேலே ஒரு பாறைமுகட்டில் நிற்கிறது கஸ்பா து துப்கால். ஒரு காலத்தில் அந்த வட்டாரத் தலைவர் ஒருவரின் கோடைமாளிகை. பாழடைந்து கிடந்ததை, பிரிட்டனைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து எடுத்துக்கட்டி 1995இல் திறந்தார்கள். விடுதி வாசல் வரை கார் போகாது. கோவேறு கழுதை உங்கள் பெட்டியைச் சுமந்து முன்னே போகும். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னே போக வேண்டும். மார்ட்டின் ஸ்கோர்செஸி 'குன்டுன்' படத்தில் இந்தக் கட்டடத்தைத் திபெத்திய மடாலயமாகக் காட்டியிருக்கிறார். அந்தப் பனிமலைகளைப் பின்னணியில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

எனக்குப் பிடித்த விஷயம் அந்த விடுதியின் பில்லில் இருக்கிறது. வாடகையோடு ஐந்து சதவீதம் கூடுதலாக வசூலிக்கிறார்கள். அது கிராமச் சங்கத்துக்குப் போகிறது. ஊருக்கு ஆம்புலன்ஸ், பொதுக் குளியல்கூடம், குப்பை அள்ளும் ஏற்பாடு எல்லாம் இப்படி வந்தவை. விடுதியோடு தொடர்புடையவர்கள் முன்னின்று 'எஜுகேஷன் ஃபார் ஆல்' என்ற அமைப்பையும் தொடங்கினார்கள். மலைக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளியோடு சரி. மேலே படிக்க அஸ்னி போன்ற ஊர்களுக்கு இறங்க வேண்டும். தினமும் போய்வர முடியாத தூரம். பையனையாவது எப்படியோ அனுப்பிவிடுவார்கள், பெண்பிள்ளை வீட்டோடு நின்றுவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தொலைவில் ஒரு விடுதி கட்டி, சாப்பாடும் போட்டு, உள்ளூர்ப் பெண்ணையே காப்பாளராக வைத்தால் பெற்றோர் நம்பி அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 2007இல் அஸ்னியில் முதல் விடுதி திறந்தது. அங்கே தங்கிப் படித்தவர்களில் பலர் பல்கலைக்கழகம் வரை போய்விட்டார்கள்.

இம்லிலுக்குப் போகிற அதே சாலையில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சனின் கஸ்பா தமதோத் இருக்கிறது. 1998இல் பலூன் பயணத்துக்காக வந்த இடத்தில் அவருடைய அம்மாவின் கண்ணில் பட்ட மாளிகை. 2005இல் விடுதியாகத் திறந்தார்கள். மலையைப் பார்த்தபடி நீச்சல்குளம், குளியல்தொட்டியோடு கூடாரங்கள், இரவுக்குப் பல நூறு டாலர் வாடகை. ஊழியர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்தவர்கள். அது நல்ல விஷயம். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுகிற ஊரில் அந்த நீச்சல்குளம் மட்டும் எனக்கு உறுத்துகிறது.

2023 செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவிலான நிலநடுக்கம் இந்தப் பள்ளத்தாக்குகளைத்தான் உலுக்கியது. மூவாயிரம் பேர் அளவுக்கு மாண்டார்கள். மண்ணாலும் கல்லாலும் கட்டிய வீடுகள் குவியலாகச் சரிந்தன. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தின்மல் பள்ளிவாசலின் பெரும்பகுதி இடிந்தது. தமதோத் ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்து 2024 அக்டோபரில் திறந்தது. கிராமத்து வீடுகள் அந்த வேகத்தில் எழவில்லை. துக்கம் நடந்த ஊருக்கு உல்லாசம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். வழிகாட்டிக்கும், கழுதைக்காரருக்கும், ரொட்டி சுடுகிற அம்மாவுக்கும் பயணிகள் வந்தால்தான் அடுப்பு எரியும். போகலாம்.

மலையின் மறுபக்கத்தை உள்பக்கங்களில் விரிவாகப் பார்க்கலாம். யுனெஸ்கோ 1987இல் பட்டியலில் சேர்த்த அய்த் பென் ஹத்து மண்கோட்டை ('கிளாடியேட்டர்' படத்தில் வருவது), ஸ்கூரா பேரீச்சந்தோப்புகள், தோத்ரா பள்ளத்தாக்கு எல்லாம் அங்கே உண்டு. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நல்லவை. துப்கால் ஏற வழிகாட்டி கட்டாயம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் மேலே ஏழு காய்கறிகளை அடுக்கிக் கோபுரமாக வரும். பார்த்தால் சுத்த சைவம் போலவே இருக்கும். அடியில் ஊற்றுவது பெரும்பாலும் இறைச்சிச் சாறு. காலையிலேயே சமையல்காரரிடம் சொல்லி வைத்துவிடுங்கள், தனியாகச் செய்து தருவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்