பிள்ளைகளுக்குப் புரியாதாம்!

அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது நண்பர் ஒருவர் அகப்பட்டார். அல்லது அவரிடம் நான் அகப்பட்டேன். பொதுக்காரியங்களில் ஈடுபாடுள்ளவர். ஏழைப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் வழங்குகிறவர். ஆகையால் கல்வியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று நம்புகிறவர்.

"பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தீங்களா, சார்? டென்னிஸனாம், ஷேக்ஸ்பியராம், பிரௌனிங்காம்! எஸ்டேட்டிலே லேத் ஓட்டுறவர் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்தால் போதாதா? புரியாததைத் திணித்து வதைக்கிறாங்களே!" என்றார்.

கருணை ததும்புகிற பேச்சுத்தான். "உங்கள் பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டேன். அண்ணா நகரில், ஐ.சி.எஸ்.இ. பள்ளியில் என்றார். அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று முழுசாகவே பாடம். அதை அவர் வதை என்று சொல்லவில்லை, பெருமையோடு சொன்னார். அவர் மகனுக்கு ஐந்து அங்கமும் ஜீரணமாகும். எஸ்டேட் பிள்ளைக்கு 28 வரி வயிற்றைப் புரட்டும்! ஜீரண சக்திகூடவா தகப்பனாரின் சம்பளத்தைப் பொறுத்தது?

அம்பத்தூரில் எஸ்டேட் வந்தது 1964-இல். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை அதற்குச் சற்று முன்னால் தொடங்கியது. நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வேலை பாழ் என்று தெரிந்து இரும்பைக் கடைகிற மனிதர்கள் தலைமுறையாக இங்கே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செய்யுளின் நுட்பம் எட்டாது என்று தீர்மானித்தவர் யார்?

2019-இல் வந்த அந்தப் பாடநூலை நான் வாங்கிப் படித்தேன். பிளஸ் டூவோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். எங்கள் காலத்துப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேல். அதில் நம் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையும் இருக்கிறது, இங்கிலீஷில். ஒரு வீட்டில் ஆசை ஆசையாக நாற்காலி செய்கிறார்கள். ஊரில் யாராவது செத்தால் பிணத்தை உட்கார வைக்க அதைத்தான் இரவல் கேட்டு வருகிறார்கள். இதில் புரியாதது என்ன? ஆனால் இந்தக் கதைக்கும் பிள்ளைகள் கைடைத்தான் படிக்கிறார்கள். டென்னிஸன் கடினம், அதனால் கைடு என்றால், கி.ரா.வுக்கு எதற்குக் கைடு? ஆக, குற்றம் கவிதையின் கடினத்தில் இல்லை. அதை எடுத்துவிட்டு எளிதான இன்னொன்றை வைத்தாலும் அதையும் மென்றுதான் ஊட்டப் போகிறார்கள்.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போன வருஷம் பேசப் போயிருந்தேன். டென்னிஸனின் 'யுலிஸிஸ்' பற்றிப் பேச்சு வந்தது. டிராய் யுத்தம் பத்து வருஷம், கடலில் அலைந்தது பத்து வருஷம்; வீடு திரும்பிய கிழ ராஜா, ராஜ்யத்தை மகன் தலையில் கட்டிவிட்டு மறுபடியும் கப்பல் ஏறத் துடிக்கிறான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், இருபது வருஷம் காத்திருந்த பொண்டாட்டியை விட்டுட்டுத் திரும்பவும் போறாரே, இவரை எப்படி ஹீரோன்னு சொல்றாங்க?"

உலகத்து விமரிசகர்கள் இதே விஷயத்தில் எத்தனையோ காலமாக மல்லுக்கட்டுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. கோவலனுக்காகக் காத்திருந்த கண்ணகியை அவளுக்குத் தெரியும், அது போதும்.

"இதைப் பரீட்சையில் எழுதுவாயா, அம்மா?" என்றேன்.

"ஐயோ, மார்க் போயிடும் சார். அறிவு வேட்கை, விடாமுயற்சின்னு எழுதணும்."

டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். டிசம்பருக்குள் பாடத்தை முடிக்க வேண்டும், பிறகு ஓயாத ரிவிஷன். விடைத்தாளைத் திருத்துகிறவரோ எங்கோ ஒரு முகாமில், கையில் விடைக்குறிப்போடு உட்கார்ந்திருக்கிறார். "நான் மார்க் போடுவேன் சார், முகாமில் போடணுமே!" என்றார் அந்த அம்மாள். நியாயம்தானே?

ஷேக்ஸ்பியர் படுகிற பாடு இன்னும் வேடிக்கை. உலகமே நாடக மேடை என்று தொடங்கும் அந்த 28 வரிகளை எல்லாரும் ஷேக்ஸ்பியரின் உபதேசமாகவே நெட்டுருப் போடுகிறார்கள். பேசுகிறவன் ஜேக்விஸ் என்கிற முசுடு. எதைக் கண்டாலும் சலித்துக்கொள்கிறவன். கிழவனுக்குக் கடைசியில் பல்லும் இல்லை, கண்ணும் இல்லை, எதுவுமே இல்லை என்று அவன் முடித்த மறுகணமே என்ன நடக்கிறது? ஆடம் என்கிற கிழ வேலைக்காரரைத் தூக்கிக்கொண்டு ஆர்லாண்டோ மேடைக்கு வருகிறான். எஜமானன் பிள்ளைக்குத் தன் ஆயுட்காலச் சேமிப்பைத் தூக்கிக் கொடுத்த கிழவர் அவர்! ஜேக்விஸ் சொன்னது மெய்யா, பொய்யா? தாத்தாவைச் சுமந்து ஆஸ்பத்திரிக்குப் போன பையன் எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அவனைக் கேட்டால் சொல்வான். கேட்பார்தான் இல்லை.

இதே நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே' என்று தமிழில் ஆக்கினார். ஹாம்லெட் அவர் கையில் 'அமலாதித்யன்' ஆனான். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். ஜனங்களுக்குப் புரியாது என்று அவர் முடிவு கட்டியிருந்தால் சபைக்குப் பூட்டுத்தான் போட்டிருக்க வேண்டும்.

கவிதையை எடுக்காதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். ஒரே ஒரு கேள்விக்காவது, பிள்ளை தன் மனசில் பட்டதைக் காரணம் காட்டி எழுதினால் முழு மார்க் என்று விடைக்குறிப்பிலேயே அச்சிடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், கமிட்டி வேண்டாம்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரை வந்தாள்.

"சார், கடைசியில் அவர் திரும்பி வந்தாரா?"

டென்னிஸன் அதைச் சொல்லவில்லை, அவருக்கு முன்னோடியான இத்தாலியக் கவி தாந்தே அவனைக் கப்பலோடு கடலில் மூழ்கடித்துவிட்டார் என்றேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றாள். "அப்போ, அந்த அம்மாவுக்கு யார் போய்ச் சொன்னாங்க?" என்றாள்.